வாசகர் கேள்வி பதில்: ரீச் 45 என்றால் யாரில் 45?

விளம்பரத்துக்குக் காசு இறக்கப்போகும் கடைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும் இடறுகிற இடம் ஒன்றுதான்: கொட்டேஷனில் ஓர் எண் நிற்கிறது, அது எதை எண்ணிய எண் என்பது அதில் இல்லை. கீழே வரும் விலைகள் கணக்கை விளக்க நாங்கள் வைத்துக்கொண்டவை. இன்றைய கட்டணத்தை அந்தந்த நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வானொலி விளம்பரத்துக்கு ஒரு முகவர் திட்டம் தந்திருக்கிறார். ‘ரீச் 45, பிரீகுவென்சி 4, ஜீ.ஆர்.பி. 180, மொத்தம் 90,000 ரூபா’ என்று போட்டிருக்கிறது. நூற்றுக்கு 180 எப்படி வரும்? இது நல்ல திட்டமா?
– தளபாடக் கடை உரிமையாளர், காத்தான்குடி

பதில்: ரீச் என்பது உங்கள் விளம்பரத்தை ஒரு தடவையாவது கேட்டவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. ஒருவர் பத்துத் தடவை கேட்டாலும் ரீச்சில் அவர் ஓர் ஆள்தான். பிரீகுவென்சி என்பது அப்படிக் கேட்டவர்கள் சராசரியாக எத்தனை தடவை கேட்டார்கள் என்பது. இரண்டையும் பெருக்கினால் ஜீ.ஆர்.பி. 45ஐ 4ஆல் பெருக்க 180. திரும்பத் திரும்பக் கேட்டதையும் சேர்த்து எண்ணுவதால் அது நூறைத் தாண்டும். அதில் பிழையில்லை.

பிழை வருவது வேறு இடங்களில். 180 என்ற எண் மட்டும் கையில் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. 60 பேருக்கு 3 தடவை என்றாலும் 180, 18 பேருக்கு 10 தடவை என்றாலும் 180. புதுக் கடை திறக்கிறவருக்கு முதலாவது வேண்டும், ஏனென்றால் ஊரறியச் செய்வதுதான் அவர் வேலை. மூன்று நாள் மலிவு விற்பனை போடுகிறவர் ரீச்சைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிரீகுவென்சியைக் கூட்டலாம்.

அடுத்தது, அந்த 45 யாரில் 45? பெரும்பாலும் தீவு முழுவதும் உள்ள தமிழ் வானொலி நேயர்கள் என்ற அடித்தளத்தில்தான் இந்த எண் வரும். யாழ்ப்பாணத்திலும் ஹற்றனிலும் வத்தளையிலும் இருப்பவர்கள் அதற்குள் அடக்கம். கட்டிலும் அலுமாரியும் வாங்க உங்கள் கடைக்கு வரக்கூடியவர் ஆரையம்பதி, கல்லடி, மட்டக்களப்பு நகரம், ஏறாவூர், கூடிப்போனால் களுவாஞ்சிக்குடி. ‘மட்டக்களப்பு மாவட்டத்துக்கு மட்டும் ரீச் என்ன, எந்த வயதினர், எந்த ஆண்டு அளவீடு’ என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர முடியாது என்றால் அந்த 45ஐ வைத்து விலை பேசாதீர்கள்.

சராசரி மறைக்கும் விஷயமும் உண்டு. பத்துப் பேரை எடுங்கள். ஐந்து பேர் ஒரு தடவை, மூன்று பேர் மூன்று தடவை, நாள் முழுக்க வானொலியைப் போட்டு வைத்திருக்கும் இரண்டு பேர் பதின்மூன்று தடவை கேட்டார்கள். மொத்தம் 40, சராசரி 4. ஆனால் மூன்று தடவையோ அதற்கு மேலோ கேட்டவர்கள் ஐந்து பேர்தான். ‘மூன்று தடவை’ என்ற அளவுகோல் விளம்பர ஆய்வாளர் ஹேர்பேர்ட் குரூக்மன் 1972இல் எழுதியதிலிருந்து பரவியது. முதல் தடவை ‘இது என்ன?’, இரண்டாவது ‘இதனால் எனக்கு என்ன?’, மூன்றாவது நினைவூட்டல் என்று மனம் கடக்கும் படிகளைத்தான் அவர் சொன்னார். அதைப் பிறகு வந்தவர்கள் மூன்று ஸ்பொட் (ஒரு தடவை ஒலிபரப்பாகும் விளம்பரம் ஒரு ஸ்பொட்) போட்டால் போதும் என்று எண்ணிக்கையாக்கிவிட்டார்கள். ஆகவே ‘3 தடவையோ அதற்கு மேலோ கேட்பவர்களின் ரீச் எவ்வளவு?’ என்று தனியாகக் கேளுங்கள்.

இரண்டு நிலையங்களில் போடச் சொன்னால் ரீச்சைக் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் 30, 30 என்றால் 60 வராது. இரண்டையும் கேட்கிறவர்கள் இருப்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கேட்பதாக வைத்தாலே 9 பேர் பொது, ஆகவே 51. ஒரே மாதிரிப் பாட்டுப் போடும் நிலையங்களென்றால் அதைவிடக் குறையும்.

விலையை ஒப்பிட 90,000ஐ 180ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு ஜீ.ஆர்.பி. புள்ளிக்கு 500 ரூபா. இன்னொருவர் 350 ரூபாவுக்குத் தருகிறேன் என்றால் முதலில் நேரத்தைப் பாருங்கள். ‘ரன் ஒஃப் ஷெடியூல்’ என்று எழுதியிருந்தால் நிலையம் தனக்கு எங்கே இடம் காலியோ அங்கே போடும், இரவு ஒரு மணிக்கும் போகலாம். ஒப்பந்தத்தில் நேர வரிசையையும், முடிந்தபின் ஒலிபரப்புச் சான்றையும், தவறிப்போன ஸ்பொட்டுக்கு அதே நேரத்தில் மாற்று ஸ்பொட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்று வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது நல்லது.

கேள்வி: பேஸ்புக்கில் ஒரு ரைஸ் குக்கர் போஸ்ட்டை 6,000 ரூபாவுக்கு பூஸ்ட் பண்ணினோம். போட்டவர் ‘12 மடங்கு ரிட்டர்ன்’ என்கிறார். கையில் காசு மிஞ்சவில்லை. எங்கே ஓட்டை?
– மின்சாதனக் கடை, கல்முனை

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த எண்களையே வரிசையாக வைத்துப் பார்ப்போம். விளம்பரம் திரையில் தோன்றியது 48,000 தடவை. இது இம்ப்ரெஷன். பார்த்த ஆட்கள் 15,000, இது ரீச். ஒன்றை மற்றதால் வகுத்தால் ஆளுக்கு 3.2 தடவை.

சீ.பீ.எம். என்பது ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு ஆன செலவு. கடைசி ‘எம்’மைப் பலர் மில்லியன் என்று படித்துவிடுகிறார்கள். அது ஆயிரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்து. 6,000ஐ 48ஆல் வகுக்க 125 ரூபா. 480 பேர் கிளிக் செய்தார்கள். நூறு தோற்றத்துக்கு ஒரு கிளிக், இதுதான் சீ.ரீ.ஆர். 1 சதவீதம். ஒரு கிளிக் 12 ரூபா 50 சதம், இது சீ.பீ.சீ. மெசேஜ் போட்டு விலை கேட்டவர்கள் 40 பேர், ஆளுக்கு 150 ரூபா. வாங்கியவர்கள் 8 பேர், ஆளுக்கு 750 ரூபா.

இப்போது அந்த 12 மடங்கு. 9,000 ரூபா குக்கர் 8 விற்றதில் வரவு 72,000. அதை 6,000ஆல் வகுத்தால் 12. கணக்கு சரி. ஆனால் இது வரவுக்கும் விளம்பரச் செலவுக்கும் உள்ள விகிதம், விளம்பரக்காரர்கள் ‘ரோவாஸ்’ என்று சொல்வது. பொருளின் கொள்முதல் விலை அதில் எங்கும் கழிக்கப்படவில்லை. சலுகை விலையில் உங்களுக்கு 8 சதவீதம்தான் இலாபமாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 72,000இல் 8 சதவீதம் 5,760. செலவு 6,000. ஆக 240 ரூபா நட்டம்.

எந்தப் பொருளுக்கும் நட்டமில்லாத எல்லையை ஒரு வரியில் காணலாம்: 100ஐ உங்கள் இலாப வீதத்தால் வகுங்கள். 8 என்றால் 12.5 மடங்கு வந்தால்தான் கட்டும். 25 சதவீதம் நிற்கும் உதிரிப்பாகத்துக்கு 4 மடங்கே போதும். ‘நல்ல ரோவாஸ்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது, உங்கள் பொருளுக்கு உரியதுதான் உண்டு.

ஓட்டை வேறு இரண்டு இடங்களிலும் இருக்கலாம். கிளிக் என்று காட்டப்படுவதில் ‘அனைத்துக் கிளிக்’ ஒரு வகை. லைக் போட்டதும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும், ‘மேலும் படிக்க’ தொட்டதும் அதில் சேரும். இணைப்பைத் தொட்டவர்களின் எண்ணிக்கையைத் தனியாக எடுத்துப் பாருங்கள். விளம்பரத்தின் நோக்கத்தை மெசேஜ் என்று தெரிந்தெடுக்காமல் ஈடுபாடு என்று விட்டுவிட்டால், லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடித்தான் பேஸ்புக் காட்டும். அவர்கள் வாங்குகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை.

மற்றது, விளம்பரம் எந்தப் பகுதியில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வரைபடத்தில் போடும் வட்டம். கல்முனையை நடுவில் வைத்துப் பெரிய வட்டம் போட்டால் கிழக்குப் பாதி கடல். அங்கே ஆள் இல்லை, ஆகவே காசும் போகாது. மேற்கே அது வயல்வெளியைத் தாண்டி அம்பாறை நகரப் பக்கம் போகும்போது தமிழ் படிக்காதவர்களுக்கும் தமிழ் விளம்பரம் போய்ச் சேரும். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை என்று சிறு புள்ளிகளாக வைப்பது இந்தக் கரையோரத்துக்குப் பொருந்தும்.

கேள்வி: பத்திரிகை விளம்பரத்துக்கு ‘கொலம் சென்ரிமீற்றர்’ கணக்கில் விலை சொன்னார்கள். முகவர் கமிஷன் 15 என்றார், பில்லில் 17.65 இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?
– அரிசி ஆலை, செங்கலடி

பதில்: 15 என்பது 17.65 ஆனதில் மட்டும் ஏமாற்று இல்லை. பத்திரிகையின் முழு விலை 100,000 என்றால் அதில் 15 சதவீதம் முகவருக்கு, மிச்சம் 85,000 பத்திரிகைக்கு. இதையே 85,000இலிருந்து தொடங்கி மேலே ஏற்றினால் 15 போதாது, 97,750தான் வரும். 100,000ஐத் தொட 17.65 ஏற்ற வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது, அந்த 17.65 நிகர விலையின் மேல் ஏற்றப்பட்டதா என்பதை. முழு விலையின் மேல் ஏற்றியிருந்தால் இரண்டு தடவை கமிஷன் கொடுக்கிறீர்கள்.

கொலம் சென்ரிமீற்றர் என்பது ஒரு பத்தி அகலம், ஒரு சென்ரிமீற்றர் உயரம். 3 பத்தி, 20 சென்ரிமீற்றர் என்றால் 60 அலகு. அலகு 500 ரூபா என்று வைத்தால் 30,000. வர்ணத்துக்கு 30 சதவீதம் கூட என்றால் 39,000. வற் வரி 18 சதவீதம் சேர 46,020. தொலைபேசியில் சொல்லப்படும் விலை பெரும்பாலும் அந்த முதல் 30,000தான். பத்தியின் அகலம் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும். ஒன்றுக்குச் செய்த வடிவமைப்பை மற்றதுக்கு அப்படியே அனுப்பினால் சுருக்கி ஒட்டுவார்கள். முதலில் சிதைவது சிறிய எழுத்தில் உள்ள தொலைபேசி இலக்கம்.

கேள்வி: வாடிக்கையாளர் 1,500 பேருக்குப் பெருநாள் குறுஞ்செய்தி அனுப்பினோம். 4,500 செய்திக்குப் பில் வந்திருக்கிறது. செய்தி இரண்டு வரிதான்.
– புடவைக் கடை, ஓட்டமாவடி

பதில்: நீங்கள் தமிழில் அனுப்பியதால் வந்தது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ், பல மொழி எழுத்துகளுக்கான யுனிகோட் என்ற குறியீட்டு முறையில் போவதால் 70 இடம்தான். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை மறுபடி பொருத்தும் குறிப்புக்கும் இடம் போவதால் ஒவ்வொரு துண்டிலும் 67தான் மிஞ்சும். 134 வரை இரண்டு, 201 வரை மூன்று. உங்களுடையது 150 சொச்சம், ஆகவே ஆளுக்கு மூன்று செய்தி.

இரண்டு வரி எப்படி 150 ஆகிறது? நாம் எழுத்து என்று எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘மட்டக்களப்பு’ நமக்கு எட்டு எழுத்து. கணினிக்கு ம, ட, புள்ளி, ட, க, புள்ளி, க, ள, ப, புள்ளி, ப, கீழே வரும் உகரக் குறி என்று 12. ‘பெருநாள்’ நமக்கு 4, அதற்கு 8. ‘ஸ்ரீ’ ஒன்றே 4 இடம்.

‘பெருநாள் சலுகை: சாரி 20% கழிவு. ஞாயிறு வரை.’ என்பது வெற்றிடங்களோடு 43. ஓர் இடைவெளி விட்டுக் கடைப் பெயருக்கும் ஊருக்கும் 26 இடம் மிஞ்சும். வாழ்த்தும் மேற்கோளும் வேண்டுமென்றால் அதை வட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கள். முழுக்க ஆங்கிலத்தில் எழுதினாலும் கவனம் வேண்டும். வேர்ட் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறி ஒன்று கூடவே வந்தால் முழுச் செய்தியும் யுனிகோடாகி 160 இடம் 70ஆகச் சுருங்கும். அனுப்பும் தளத்தில் ‘எத்தனை பாகம்’ என்று காட்டும் எண்ணைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

இலக்கங்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட செய்திகளுக்குப் பெறுபவரின் சம்மதத்தை எதிர்பார்க்கிறது. பில் போடும்போதே ‘சலுகைச் செய்தி அனுப்பலாமா?’ என்று கேட்டு அடையாளமிட்டு வையுங்கள். வேண்டாம் என்பவரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விலைக்கு வாங்கிய இலக்கப் பட்டியலைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: ‘ஃபிளைட்டிங்’, ‘பல்சிங்’ என்றால் என்ன? எங்களுக்கு எது?
– உரம், கிருமிநாசினி விற்பனையாளர், சம்மாந்துறை

பதில்: ஆண்டு முழுக்க ஒரே அளவில் விளம்பரம் ஓடினால் தொடர் முறை. சில வாரம் ஓடி, சில மாதம் முற்றாக நின்றால் ஃபிளைட்டிங். மெல்லிய ஓட்டத்தை விடாமல் வைத்துக்கொண்டு வேண்டிய காலத்தில் மட்டும் ஏற்றினால் பல்சிங்.

உங்களுக்கு ஃபிளைட்டிங்தான். வெள்ளாமைக் காலம் அதை முடிவு செய்துவிட்டது. பெரும்போக விதைப்பு பொதுவாக ஒக்டோபர், நவம்பர். சிறுபோகம் ஏப்ரல், மே. விதைத்து மூன்று வாரம் தாண்டிவிட்டால் களைநாசினி விளம்பரத்தைக் கேட்க ஆள் இல்லை. 120,000 ரூபாவை மாதம் பத்தாயிரமாகப் பிரித்தால் வேண்டிய நேரத்தில் குரல் மெலிந்து, வேண்டாத நேரத்தில் காசு கரையும். பெரும்போகத்துக்கு 60,000, சிறுபோகத்துக்கு 36,000 என்று வைத்து மிச்சம் 24,000ஐக் கையில் வைத்திருங்கள். மழை பிந்தினாலோ குளத்துத் தண்ணீர் திறப்பது தள்ளிப்போனாலோ விதைப்பும் தள்ளிப்போகும். முன்பதிவு செய்த ஸ்பொட்டுகள் வெறும் வயலுக்குப் பேசும். அதனால் திகதியை எத்தனை நாள் முன்னறிவித்தால் மாற்றலாம் என்பதைப் பதியும்போதே கேட்டு வையுங்கள். நகைக் கடைக்கும் தளபாடக் கடைக்கும் இதே நாட்காட்டி தலைகீழ். அவர்களுக்கு அறுவடைக் காசு கைக்கு வரும் வாரங்கள்தான் காலம்.

கேள்வி: டார்கெட் மார்க்கெட்டும் டார்கெட் ஓடியன்ஸும் ஒன்றா?
– மாணவி, வந்தாறுமூலை

பதில்: இல்லை. முதலாவது பொருள் யாருக்கு, இரண்டாவது விளம்பரம் யாரோடு பேசுகிறது. பள்ளிக்கூடப் பைக்குச் சந்தை பிள்ளைகள். செப்டெம்பரில் விளம்பரம் பிள்ளையோடு பேசலாம், டிசம்பர் கடைசியில் காசு எடுக்கப்போகும் தாயோடு பேச வேண்டும்.

கேள்வி: ‘யூ.எஸ்.பி.’ எழுதச் சொன்னார்கள். ‘தரமான மலிவான கைத்தறிச் சாரம்’ என்று எழுதினோம். போதாது என்கிறார்கள்.
– நெசவு விற்பனையாளர், மருதமுனை

பதில்: போதாதுதான். யூ.எஸ்.பி. என்பது உங்கள் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டி வாங்க வைக்கும் தனி வாக்கு. இந்தச் சொல்லைப் பரப்பிய அமெரிக்க விளம்பரக்காரர் ரொஸர் ரீவ்ஸ் மூன்று நிபந்தனை வைத்தார். வாங்கினால் இன்ன பயன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், போட்டியாளர் சொல்லாததாக இருக்க வேண்டும், ஆட்களை அசைக்கும் வலு இருக்க வேண்டும். உங்கள் வாசகத்தைப் பக்கத்துக் கடைப் பெயரோடு வாசித்துப் பாருங்கள். அப்படியே பொருந்துகிறது. அதனால் அது உங்களுடையதல்ல. நூலின் இலக்கம், சாயம், அகலம், தைத்த ஓரம், கிழிந்தால் மாற்றித் தரும் நாள் என்று தறிக்குப் பக்கத்தில் போய்த் தேடுங்கள். ‘சாயம் போகாது’ என்று எழுதுமுன் இருபது தடவை கழுவி வெயிலில் காயவிட்டுப் பாருங்கள். பிழையான உறுதிமொழி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் குற்றமாகும்.

கேள்வி: கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட 20க்கு 10 அடியில் பெனர் வைக்கப் போகிறோம். மெனு, விலை, இரண்டு தொலைபேசி இலக்கம் எல்லாம் போடலாமா? ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் வாகனம் என்று இடத்துக்காரர் சொல்கிறார்.
– சாப்பாட்டுக் கடை, கல்லடி

பதில்: போடலாம், ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் கடக்கும். வாசிக்க ஐந்து செக்கன் வேண்டும் என்றால் 55 மீற்றர், ஏறக்குறைய 180 அடி தூரத்திலேயே எழுத்துத் தெரிய வேண்டும். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுகிறவர்களின் அளவு. அப்படியானால் 18 அங்குல எழுத்து. தமிழில் மேலே இகர ஈகாரச் சுழியும் கீழே உகர ஊகாரக் காலும் வருவதால் ஒரு வரிக்கு 30 அங்குலத்துக்கு மேல் போய்விடும். பத்து அடி உயரத்தில் மூன்று வரிதான் அடங்கும்: கடைப் பெயர், பெயர்போன ஒரு சாப்பாடு, ‘பாலம் தாண்டி இடப்பக்கம்’ என்பது போல ஒரு திசை. தொலைபேசி இலக்கத்தைக் கடையின் முன்பலகையில் போடுங்கள்.

வாகன எண்ணிக்கை ‘ஓ.ரீ.எஸ்.’, அதாவது பார்க்க வாய்த்த தடவைகள். பார்த்த தடவைகள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண் இரு திசையையும் சேர்த்ததா என்று கேளுங்கள். கல்லடிப் பக்கமிருந்து நகருக்குப் போகிறவருக்கு முகம் காட்டும் பலகையைத் திரும்பி வருகிறவர் பார்க்க முடியாது. அப்படியென்றால் விலையும் பாதி எண்ணுக்குத்தான் பேச வேண்டும். இருட்டிய பின் வெளிச்சம் இல்லாத பலகைக்கு இரவு வாகனங்களையும் கழியுங்கள். அது ஏ4 வீதி என்பதால் மாநகர சபை அனுமதியோடு வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதியும் இருக்கிறதா என்று கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும்போது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த கோப்பை அப்படியே கொடுக்காதீர்கள். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். எழுத்தை வடிவமாக மாற்றிப் பீ.டீ.எஃப். ஆகக் கொடுத்து, அச்சடிக்கும் முன் அவர்கள் திரையில் ஒவ்வொரு புள்ளியையும் சரிபாருங்கள். வடகீழ்ப் பருவக்காற்று கடல் பக்கமிருந்து அடிக்கும் இடம் அது. நவம்பருக்கு முன் நாலு ஓரத்தையும் மடித்து உள்ளே கயிறு விட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு வளையம் அடித்துக் கட்டச் சொல்லுங்கள். மூலையில் மட்டும் கட்டிய பெனர் முதல் காற்றிலேயே வளையத்தோடு கிழிந்து வரும்.